சொல்லைப் பங்கு வைத்த ஊர்

கடலுக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பழைய சொல் ஒன்று கொண்டல்துறைக் கரைவலையில் விழுந்த காலையில், ஊரில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. கயிறு வழக்கத்தைவிடக் கனக்கிறது, வலையின் பை போன்ற மடியில் பெரிய திருக்கை கிடக்கும், இல்லாவிட்டால் விசைப்படகுக்காரன் அறுத்துவிட்டுப் போன இரும்புப் பலகையாக இருக்கும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். வடக்குக் கயிற்றில் ஆண்களும் தெற்குக் கயிற்றில் பெண்களும் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் முதல் ஆளாக, அலைக்குள் முழங்கால் நனைய நின்றவள் கித்தேரி. சொல் முதலில் ஏறியது அவள் உள்ளங்கையில்தான்.

கயிற்றின் ஈரத்தோடு ஈரமாக அதன் பூர்வீகம் கைகளுக்குள் ஏறியது. தன் பெயர் பியேலகோ என்பதும், கரை கண்ணுக்கு மறைந்த பிறகு நாலாபக்கமும் பாய் விரித்த மாதிரித் தட்டையாகக் கிடக்கிற ஆழ்கடலுக்கு மட்டுமே தான் சொந்தம் என்பதும், துடுப்புப் போட்டுக் களைத்த கிரேக்கர்கள் யாரோ பயத்தில் அடித்தொண்டையிலிருந்து முதன்முதலில் தன்னை உச்சரித்தார்கள் என்பதும், அந்த ஆட்களைச் சங்கிலி போட்டு இழுத்துப்போன ரோமாபுரிக்காரர்கள் சங்கிலியோடு சேர்த்துத் தன்னையும் இழுத்துப்போனார்கள் என்பதும், அங்கிருந்து ஸ்பெயின் கரையில் ஏறிக் கொஞ்ச காலம் வாய்க்கு வாய் புழங்கி வாழ்ந்ததும், பிறகு மீன் பிடிக்கிறவர்கள் அவசரத்துக்கு வசதியாகக் குட்டையான வேறொரு சொல்லை வைத்துக்கொண்டு தன்னைக் கைவிட்டதும், செய்யுள் எழுதுகிற கனவான்கள் தன்னைத் தூக்கிப்போய்ப் புத்தகத்துக்குள் குடிவைத்ததும், புத்தகத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தான் காய்ந்து சுருங்கியதும், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இறங்கி நனைந்து நீந்தி, மனிதர்கள் இன்னும் ஆழ்கடலுக்குப் பயந்தபடியே அதில் பிழைக்கிற ஒரு கரையைத் தேடி வந்ததும், எல்லாம் கயிறு பிடித்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று தெரிகிற மாதிரி தெரிந்தது.

"மைனி, உங்களுக்கும் கேக்கா?" என்றாள் பின்னால் நின்ற செலஸ்தீனா. கித்தேரியின் தம்பி லியோனின் பெண்டாட்டி அவள்.

"கேக்கு, கேக்கு. கதை கேட்டுக்கிட்டே இழு. கையை விட்டுராத."

"பாவம் மைனி, யாரும் வச்சுக்கிடலியே அத."

"நம்மள மட்டும் யாரு வச்சிருக்கா?"

மடி கரையேறியது. உள்ளே கன்றுக்குட்டி அளவில் அது கிடந்தது. தண்ணீரின் நிறம். அதன் வழியாகப் பார்த்தால் அடியில் இருந்த மணல் தெரிந்தது, ஆனால் வெகு ஆழத்தில் தெரிந்தது. கண் இல்லை, செவுள் இல்லை. மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் சாமியார் வந்து பார்த்து, பிற சமயத்துப் பொருளா என்று விசாரித்து, கிறிஸ்தவ நாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சிலுவை போட்டுவிட்டு நின்றார். ஊர்த்தலைவர் பெலவேந்திரன் இடுப்பில் கை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"வலையில விழுந்தது எதுவானாலும் பங்குதான்," என்றார். "எஸ்தாக்கிய கூப்பிடுங்க."

கொண்டல்துறையின் சட்டம் அது ஒன்றுதான். அந்த ஊருக்கு சர்க்கார் சாலை போட்டதில்லை, குடிதண்ணீர் கொடுத்ததில்லை, புயலுக்குப் பிறகு எட்டிப் பார்த்ததில்லை. ஊர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட ஒரே நீதி, சேர்ந்து இழுத்ததைச் சேர்ந்து பங்கு போடுவது. கப்பலிலிருந்து விழுந்த சோப்புப் பெட்டி வலையில் வந்தபோது சோப்பைப் பங்கு வைத்தார்கள். ரேடியோ ஒன்று வந்தபோது அதையும் கழற்றிப் பங்கு வைத்தார்கள்; யார் வீட்டிலும் அது பாடவில்லை, ஆனால் யாரும் ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லவில்லை. இந்தப் பெருமை பிற ஊர்க்காரர்களுக்கு விளங்காது.

பங்கு வைப்பது எஸ்தாக்கியின் வேலை. கித்தேரியின் புருஷன். ஒரு கண்ணில் புரை, இடது முழங்கையில் லத்தி முறித்த எலும்பு கோணலாகச் சேர்ந்த முண்டு. பள்ளிக்கூடம் அவரை வெளியே தள்ளிய பிறகு, ஒவ்வொரு பொதுக்கூட்டமாகப் போய்த் துண்டுப்பிரசுரங்களைப் பொறுக்கி வந்து, அவற்றில் எழுத்துக்கூட்டிப் படித்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவர். சங்கம் வைத்தார், ஜெயிலுக்குப் போனார், திரும்பி வந்தபோது சங்கம் இல்லை. ரொமால்து ஐஸ் ஆலையும் விசைப்படகுகளும் வைத்து ஊரை வளைத்த வருடம், அந்தப் படகுகளில் யாரும் ஏறக்கூடாது என்று எஸ்தாக்கி ஊரையே கரையில் உட்காரவைத்தார். பட்டினி மூன்றாவது வாரத்தைத் தாண்டியபோது முதலில் எழுந்துபோய் ஏறியவன் மச்சினன் லியோன். அவனுக்கு அப்போது கைக்குழந்தை. அதற்குப் பிறகு லியோன் அந்த வேலையை விட்டு, சொந்தமாக வள்ளம் வாங்கி, எத்தனையோ தடவை வாசலில் வந்து நின்றிருக்கிறான். எஸ்தாக்கி அவன் பெயரை உச்சரிப்பதில்லை. 'உன் தம்பி' என்றுகூடச் சொல்வதில்லை. 'அது' என்பார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கித்தேரி இத்தனை வருடம் இரண்டு கயிற்றையும் பிடித்தபடி நின்றிருந்தாள்.

எஸ்தாக்கி வந்தார். கத்தியை மணலில் தீட்டினார். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ராஜாமாரு கையில இருந்தது, பண்டிதமாரு கையில இருந்தது. ஒருத்தனாவது இத ஏழைக்குப் பங்கு வச்சானா? இன்னைக்கு நாம வைக்கோம். வாங்கினவன் வாங்கினதுதான், குடுத்தது குடுத்ததுதான். அவனவன் பங்கு அவனவனுக்கு. சரியா?"

"சரி!" என்றது ஊர்.

கத்தி நுங்குக்குள் இறங்குவதுபோல இறங்கியது. ரத்தம் வரவில்லை. இழுத்தவர்களுக்கு, வலைக்காரருக்கு, கோயிலுக்கு, ஆள் இல்லாத விதவைகளுக்கு என்று துண்டு துண்டாக வைத்துக்கொண்டே போனார். வெட்டியவர் பங்காக நடுத்துண்டு, உள்ளங்கை அகலம், வழக்கப்படி அவருக்கு. கடைசித் துண்டு மணலில் விழுந்தபோது அலைச் சத்தம் நின்றுபோனதைக் கித்தேரி கவனித்தாள். கடல் குளம் மாதிரிக் கரையை நக்கிக்கொண்டிருந்தது. சட்டியில் ஈரத்துண்டோடு நின்றவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எல்லாரும் தங்கள் பங்கு பக்கத்து வீட்டுப் பங்கைவிடச் சின்னதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அந்தச் சொல்லோடு வாழப் பழகிக்கொள்ள ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. ஒருத்தி அதைத் தண்ணீர்ப் பீப்பாயில் போட, பீப்பாய்க்கு அடி இல்லாமல் போனது. விட்ட செம்பு திரும்ப வரவில்லை. ஒருத்தி தூளிக்கு அடியில் வைத்தாள், அழுகிற பிள்ளை அலையில் கிடப்பதுபோல ஆடித் தூங்கியது. இன்னொருத்தி உப்புப் போட்டுக் காயவைத்தாள்; மற்றதெல்லாம் காய்ந்தது, அது காயவில்லை. சாமியார் கோயில் பங்கைத் தீர்த்தத் தொட்டியில் வைத்தார், தொட்டுச் சிலுவை போட்டவர்கள் கையில் மீன் வாடை அடித்தது. ரொமால்து நடந்ததைக் கேள்விப்பட்டு, வேனை அனுப்பி, ஐஸ் கட்டியும் கேன் கேனாக டீசலும் கொடுத்து, யார் யார் கொடுத்தார்களோ அவர்களிடமெல்லாம் துண்டுகளை வாங்கி ஆலைக்குள் பெட்டியில் அடைத்துப் பனிக்கட்டி போட்டு மூடிவைத்தார். எதற்கு வாங்குகிறார் என்று அவருக்கே அப்போது தெரியாது. ஊரில் எது எல்லாரிடமும் இருக்கிறதோ அது தன்னிடம் அதிகமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு வள்ளங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

வெயில் ஏறியபின் கிளம்பியவர்கள் அவர்கள். நேர் கிழக்கே விட்டோம் என்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் எதிரே கரை தெரிந்தது, இலங்கை இவ்வளவு பக்கத்திலா என்று அசந்து கிட்டே போனால் கோயில் கோபுரம் தெரிந்தது, நம் கோயில்தான், கரையில் நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்றார்கள். முன்னே போனவர்கள் முன்னாலிருந்தே திரும்பி வந்திருந்தார்கள். கரைக்கடலும் கரைக்கடலும் நடுவில் ஒன்றும் இல்லாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆழ்கடல் இருந்த இடத்தில் இல்லை.

"எங்க போச்சு?" என்றார் பெலவேந்திரன்.

"பங்கு வச்சாச்சுல்லா," என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

கித்தேரி அப்போது வீட்டில் இருந்தாள். நடுத்துண்டைக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு எஸ்தாக்கி தட்டோடு உட்கார்ந்திருந்தார். "இதப் போய்த் திங்கணுமா?" என்று அவள் கேட்டதற்கு, "உழைச்சவன் உழைச்சதத் திங்காம பீரோவுல வச்சுப் பூட்டணுமா? அது ரொமால்து புத்தி" என்று வாயை அடைத்துவிட்டார். குழம்பு புளியை ஏற்கவில்லை. கொதிக்கும்போது சட்டிக்குள் வெகு தூரத்தில் எதுவோ தட்டுகிற சத்தம் கேட்டது. அகப்பை என்று நினைத்தாள். அவர் கடைசிக் கவளத்தை விழுங்கி, விரலை வழித்துக்கொண்டிருந்தபோது, செலஸ்தீனா இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். குடத்தின் வாயைக் கையால் மூடியிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"மைனி," என்றாள், "எங்க வீட்டுக் குடத்துக்குள்ள அவிய கத்துதாவ."

கையை எடுத்தாள். குடத்துக்குள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, லியோனின் குரல் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மூன்று பேரோடு ஆழத்துக்குப் போன லியோன். தண்ணி ஏறுதுல, இறைங்கல, இறைங்கல என்று கத்திக்கொண்டிருந்தான்.

கித்தேரி புருஷனைப் பார்த்தாள். அவர் விரலை வாயில் வைத்தபடி அப்படியே இருந்தார். அவள் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வீடு வீடாகக் கேட்டது. பீப்பாய் வீட்டில் வள்ளத்தின் எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. தூளி வீட்டில் பலகை நெரிகிற சத்தம். பிள்ளை விழித்து அழுதுகொண்டிருந்தது. தீர்த்தத் தொட்டிக்குள் ஒருவன் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தான், பாதியில் நிறுத்தி இருமினான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். வள்ளத்துக்கு அடியில் இருந்த தண்ணீர் இப்போது பத்துப் பதினைந்து வீடுகளில் கிடந்தது. எந்த வள்ளமும் அத்தனை வீட்டுத் தண்ணீரில் ஒரே சமயத்தில் மிதக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் பிளந்துவிடும்.

சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். எல்லாத் துண்டையும் மடிக்குள் போட்டு ஒன்றாகச் சேர்த்துத் தண்ணீரில் விடவேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஆனால் முதல் வீட்டிலேயே, கதவு பாதி திறந்து நின்றது.

"நான் குடுக்கேன். எல்லாரும் குடுப்பாவளா? நான் குடுத்துட்டு நிக்க, அடுத்த வீட்டுக்காரி வச்சுக்கிட்டா?"

"உன் வீட்டுக்குள்ள மனுசன் முங்குதான், கேக்குல்லா!"

"கேக்குக்கா. காதைப் பொத்தினாலும் கேக்கு. ஆனா குடுத்தது குடுத்ததுதான்னு உங்க வீட்டுக்காரருதான காலையில சொன்னாவ?"

கித்தேரி திரும்பினாள். எஸ்தாக்கி அவளுக்குப் பின்னால், கையில் காலி மடியோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"சொன்னேன்," என்றார். "இப்ப வேற சொல்லுதேன். காலையில இருந்த நெலம வேற. நெலம மாறினா தீர்மானமும் மாறும்."

"அது யாரு வள்ளம்னு தெரிஞ்சுதான் கேக்கியளா, மாமா? உங்களுக்கு ஆகாத வள்ளமாச்சே."

அவர் மடியின் வாயை விரித்துப் பிடித்தார். அந்தப் பெண் உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து போட்டாள்.

பிறகு அவர் தெரு முழுக்க, ஜெயிலுக்குப் போவதற்கு முன்பு போனதுபோலவே போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு குத்தலை வாங்கிக்கொண்டார். பட்டினி போட்டவர் வந்திருக்காரு பாருங்க என்றார்கள். ஊரையே கரையில உக்காரவச்சிய, இப்பக் கடலையும் கரையில வச்சிட்டிய என்றார்கள். முன்பானால் வாசலுக்கு வாசல் ஒரு கூட்டம் போட்டுப் பதில் சொல்லியிருப்பார். இப்போது மடியை மட்டும் விரித்தார். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டதும் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டன. மடி கனத்தது. கித்தேரி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு ஐஸ் ஆலைக்குப் போனார்கள், பின்னால் ஊர் வந்தது.

ரொமால்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆழ்கடல் எங்கே போயிற்று என்பதும், அதில் பெரும்பாதி தன் பெட்டிக்குள் கிடக்கிறது என்பதும் அவருக்கு இதற்குள் விளங்கிவிட்டது. முகம் அப்படிக் குளிர்ந்திருந்தது. உள்ளே பனிக்கட்டிக்கு அடியிலிருந்து யாரோ குளிருதுல, குளிருதுல என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"நான் பிடுங்கலியே," என்றார். "கேட்டேன், குடுத்தாவ. டீசல் குடுத்தேன், ஐஸ் குடுத்தேன்."

"டீசல திருப்பித் தாரோம்," என்றார் பெலவேந்திரன்.

"டீசல் யாருக்கு வேணும்? எஸ்தாக்கி, நீரு வாரும் முன்னால." ரொமால்து காலை நீட்டி வசதியாகச் சாய்ந்தார். "பத்து வருசமா இந்த ஊர்ல எல்லாரும் என்னய முதலாளின்னு கூப்பிடுதான். பச்சப்பிள்ள கூப்பிடுது. நீரு மட்டும் ரொமால்து, ரொமால்துன்னு பேரச் சொல்லுவீரு, நோட்டீஸ்லயும் அப்படித்தான் அடிப்பீரு. ஒரே ஒரு தடவ அந்த வார்த்தையச் சொல்லும். பெட்டிய நானே தூக்கி வச்சு விடுதேன்."

கையில் பிடித்திருந்த மடியின் முனையை எஸ்தாக்கி தரையில் இறக்கி வைத்தார். லத்திக்கு இறங்காத கை. அவரை அறிந்தவள் அவள். நாக்கை அறுத்து மேசையில் வை என்று கேட்டிருந்தால் அது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வாய்விட்டுக் கெஞ்ச நினைத்தாள். குடத்தை மட்டும் கொஞ்சம் சரித்தாள். லியோனின் குரல் இப்போது வார்த்தையாக இல்லை, மூச்சாக வந்தது.

"முதலாளி," என்றார் எஸ்தாக்கி.

"கேக்கல."

"முதலாளி, பெட்டியத் தாங்க."

ரொமால்து எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார். அவர் நினைத்த சந்தோஷம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஊர் தலையைக் குனிந்துகொண்டது. அந்த வார்த்தையை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை. அதை அவர் தனியாகவே சுமந்துகொண்டு கரைக்கு நடந்தார்.

மணலில் மடியை விரித்துக் கடைசித் துண்டுகளையும் சேர்த்தார்கள். சொல் மறுபடியும் கன்றுக்குட்டி அளவுக்கு வந்தது. ஏறி இறங்க ஆரம்பித்தது. அதற்குள் வெகு ஆழத்தில், மணலுக்கும் கீழே, ஒரு வள்ளமும் நாலு தலைகளும் எறும்பளவில் தெரிந்தன. ஆனால் அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. வள்ளம் அந்த ஓட்டையின் விளிம்பு வரைக்கும் வந்து, சுழித்து, பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாரு பங்குல வரல?" என்றார் பெலவேந்திரன். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நடுத்துண்டு யாருக்குப் போகும் என்பது ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

எஸ்தாக்கி விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். வந்ததெல்லாம் வெறும் கடல்தண்ணீர், சுத்தமான, நீலமான, ஒருவன் வயிற்றில் இருக்கக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு கடல்தண்ணீர். துண்டு வரவில்லை. அது ஏற்கனவே அவராக ஆகியிருந்தது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி மடித்து மணலில் வைத்தார்.

"என்ன செய்யப் போறிய?" என்றாள் கித்தேரி. தெரிந்துகொண்டே கேட்டாள்.

"எஸ்தாக்கி, நில்லும்," என்று சாமியார் குறுக்கே வந்தார். "தன் உயிரத் தானே மாய்க்கது பாவம். நான் சம்மதிக்க மாட்டேன்."

"நீங்க எப்ப சாமி எதுக்குச் சம்மதிச்சிருக்கிய? நான் சாகப் போகல. வேலைக்குப் போறேன். உள்ள ஒரு எடம் காலியா கெடக்கு, அந்த எடத்துக்கு ஆளு வேணும்."

"அது உம்ம வேலையா?"

"நான் வெட்டினது. வேற யாரு வேல?"

கித்தேரி அவர் கோணல் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் தம்பி, பிடித்தால் புருஷன். இரண்டு கயிறும் ஒரே கையில் வந்திருந்தது. செலஸ்தீனா எதிரே நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தவள்போல, கூட நின்ற தன் பிள்ளையின் தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிக்காகன்னு நெனச்சிராத," என்றார் எஸ்தாக்கி தணிந்த குரலில். "உள்ள இன்னும் மூணு பேரு இருக்கான்."

உன் தம்பி. அத்தனை வருடத்துக்குப் பிறகு.

"பொய் சொல்லாதீய," என்றாள் அவள்.

"சரி, சொல்லல."

அவள் விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு மடிக்குள் இறங்கி, சொல்லின் நடுவில், ஓட்டை இருந்த இடத்தில், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். வீட்டில் பாயில் படுப்பதும் அப்படித்தான். சொல் அவரைச் சுற்றி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அவர் முண்டு முழங்கை தெரிந்தது, அதுவும் தண்ணீரின் நிறம் ஆனது.

யாரும் நகரவில்லை. கித்தேரிதான் முதலில் கயிற்றை எடுத்தாள்.

"எதுக்கு நிக்கிய? தள்ளுங்க."

ஊர் முழுவதும் சேர்ந்து மடியைத் தள்ளிக்கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் வாயைத் திறந்துவிட்டது. கடல் ஒரு இழுப்பு இழுத்தது. எல்லாரும் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது கடல், அது எப்போதும் இருந்த நீளத்துக்கும் அகலத்துக்கும், அச்சம் தருகிற மாதிரித் தட்டையாக விரிந்து கிடந்தது. அலை வந்து முகத்தில் அடித்தது.

வள்ளம் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நாலு பேரும் இருந்தார்கள். லியோன் தண்ணீரில் குதித்து, செலஸ்தீனாவையும் பிள்ளையையும் தாண்டி, நேராக அக்காவிடம் வந்தான். குளிரில் பல் கிட்டித்தது.

"உள்ள ஒரு ஆளு சத்தம் குடுத்துக்கிட்டே இருந்தாவக்கா. விடாத, இறை, விடாத, இறைன்னு. கோஷம் போடுத மாதிரி. அத்தான் குரல்னு இவனுவ சொன்னானுவ. நான் நம்பல. அவிய என்கூடப் பேசமாட்டாவள்ளா?" அவன் சுற்றிலும் பார்த்தான். "அத்தான் எங்க?"

கித்தேரி மணலில் கிடந்த சட்டையை எடுத்து உதறி, அவன் ஈரத் தோளில் போட்டாள். அவனுக்கு அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. அப்படியே தண்ணீரைப் பார்க்கத் திரும்பி, தலைதலையாக அடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பியேலகோ திரும்பத் தன் நாட்டுக்குப் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, இங்கேதான் கிடக்கிறது, ஆழத்துக்குப் போனால் காதில் விழுகிறது என்றார்கள் வேறு சிலர். அங்கே ஸ்பெயினில் அகராதி எழுதுகிறவர்கள் அந்தச் சொல் கிரேக்கத்தில் பிறந்தது, ரோமாபுரியில் வளர்ந்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள். எழுதட்டும், அவர்கள் எப்போதும் கப்பல்காரர்கள் பெயரைத்தான் எழுதுவார்கள். அந்தச் சொல்லை அங்கே யாராவது சத்தமாகச் சொல்லும்போது, நடுவில் காரணம் தெரியாத ஒரு கோபம் தொண்டையில் தட்டுமானால், அது கொண்டல்துறைக்காரனுடையது.

மறுநாள் காலையில் கரைவலை இழுத்தார்கள். துக்க வீடு என்று யாரும் கித்தேரியைக் கூப்பிடவில்லை. அவளே வந்து பெண்கள் வரிசையில் தன் இடத்தில் நின்று இழுத்தாள். சாளையும் காரலுமாக மடி நிறைய மீன் கிடந்தது. கத்தியும் கணக்கும் இல்லாமல், பெலவேந்திரன் கூச்சத்தோடு குனிந்து, கையால் அள்ளிக் கூறு கூறாக வைத்துக்கொண்டே போனார். அவள் முறை வந்தபோது இரண்டு சட்டியை முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுதான மைனி?" என்றார் அவர்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவியளுக்கு."

பெலவேந்திரன் நிமிர்ந்து ஊரைப் பார்த்தார். ஊர் மணலைப் பார்த்தது.

"அவருதான் இப்ப..."

"வேலைக்குப் போயிருக்காவ," என்றாள் கித்தேரி. "ஊரு வேலைக்கு. வேலைக்குப் போன ஆளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? சொல்லுங்க."

பெலவேந்திரன் இரண்டு கையாலும் அள்ளி இரண்டாவது சட்டியில் போட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. சட்டியைச் சாய்த்து, குலுக்கி, அடுத்த வீட்டுக்காரி கூறையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"குறையுது," என்றாள். "இன்னும் போடுங்க."